சந்தா கட்டிய ஆய்விதழ் ஆய்வாளர் மேசைக்கு வந்து சேர: மதுரைப் பக்கத்து நூலகங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வீட்டு வேலையெல்லாம் முடிந்து ராத்திரி பத்து மணிக்குத்தான் லேப்டாப்பைத் திறப்பார்கள். கூகுள் ஸ்காலரில் தேடி, வேண்டிய கட்டுரையைக் கண்டுபிடித்து அழுத்தினால், முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லும் பக்கம் வந்து நிற்கும். பல நேரம் அதே ஆய்விதழைப் படிக்க அவர்களுடைய பல்கலைக்கழகத்துக்கு உரிமை இருக்கும். இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், வீட்டிலிருந்து எப்படி நுழைவது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதும், மேலூர்க் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஆய்விதழ் விஷயத்தில் நாம் இன்று அந்த நிலையில்தான் இருக்கிறோம். சந்தாவுக்குப் பணம் எங்கே என்பதுதான் ஒரு காலத்தில் முதல் கேள்வி. இப்போது அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியின் பெரும்பகுதிக்குப் பதில் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது நூலகத்துக்கும் வாசகருக்கும் நடுவில் இருக்கிற தூரம். அதைக் குறைக்கப் பெரிய நிதி வேண்டாம். ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு அடைப்பாக எடுத்துவிட வேண்டும். அப்படி உட்காரப் போகிற நூலகருக்காகவும் நூலகக் குழு ஆசிரியருக்காகவும் இதை எழுதுகிறேன். ஆய்வாளர்களும் தங்களுக்கு வேண்டியதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். எல்சேவியரின் சயின்ஸ்டைரக்ட், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பிஎம்ஜே எல்லாம் இதில் உண்டு. மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் சேர்ந்து 6,300க்கு மேல் இதன் வரம்பில் வருகின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது.

அப்படியானால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், மதுரை மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்றவை வரம்புக்குள் வரும் வகை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியும் அந்த வகைதான். அங்கே இருப்பவர்கள் வேளாண் ஆய்விதழ்களுக்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் 'செரா' கூட்டமைப்பையும் மறக்கக் கூடாது. நிர்வாகம் தனியாரிடம் இருக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகள் மதுரையில் நிறைய: அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, மதுரைக் கல்லூரி. இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு முக்கியமான வழி, இன்ஃப்லிப்நெட்டின் இன்னொரு திட்டமான என்-லிஸ்ட். ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் 6,000க்கு மேற்பட்ட மின் ஆய்விதழ்களும் லட்சக்கணக்கான மின் நூல்களும் கிடைக்கும். புதிய திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு இடம் உண்டா என்பதைச் செவிவழிச் செய்தியாக வைத்துக்கொள்ளாமல், இன்ஃப்லிப்நெட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளின் ஆய்வு மையங்களில் இருக்கும் ஆய்வாளர் உட்காரும் இடம் கல்லூரி. ஆனால் அவருடைய முனைவர் பட்டப் பதிவு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பதிவு எண் கொடுத்து, கட்டணம் வாங்கி, பட்டமும் கொடுக்கப் போவது பல்கலைக்கழகம். அந்த வகையில் அவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரும்தான். எனவே பல்கலைக்கழக நூலகத்தில் கணக்குக் கேட்பதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது. தனித்தனி ஆளாகப் போய்க் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் வரும். கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு, பதிவு எண்களும் நெறியாளர் பெயர்களும் சேர்ந்த ஒரே பட்டியலாக அனுப்பினால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஒரு எக்செல் தாள் போதும். பதிப்பகம், எந்த ஆண்டிலிருந்து கட்டுரை திறக்கிறது, சந்தா எப்போது முடிகிறது, வளாகத்துக்குள் மட்டுமா வெளியிலும் உண்டா, நிர்வாகக் கணக்கு யாரிடம் இருக்கிறது. கடைசிப் பத்தியை நிரப்பும்போது சில இடங்களில் திகைப்பு வரும். நிர்வாகக் கணக்கு ஓய்வு பெற்றுப் போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கும். ஓடிபி அவர் செல்பேசிக்குப் போகும். உடனே நூலகத்தின் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ஆள் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது.

'எந்த ஆண்டிலிருந்து' என்ற பத்தியும் முக்கியம். சந்தா இருக்கிறது என்றாலே 1970ஆம் ஆண்டுக் கட்டுரையும் திறக்கும் என்று ஆசிரியர்கள் நினைத்துவிடுகிறார்கள். பழைய தொகுதிகளைப் பல பதிப்பகங்கள் தனியாக விற்கின்றன. திறக்காதபோது "நம்ம லைப்ரரியில் எதுவுமே வராது" என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பி வர மாட்டார்கள்.

இரண்டாம் படி: கிடைக்காத கட்டுரைக்கு ஒரு பதிவேடு

புத்தகம் எடுத்துப் போனவர்களைப் பதிவு செய்யப் பதிவேடு வைத்திருக்கிறோம். கேட்டுக் கிடைக்காமல் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. கவுண்டரில் ஒரு நீளமான நோட்டுப் போடுங்கள். தேதி, பெயர், துறை, கட்டுரைத் தலைப்பு, டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய தனி அடையாள எண்), திரையில் என்ன வந்தது. அதே கேள்விகளோடு ஒரு கூகுள் படிவமும் வையுங்கள், விடுதியிலிருந்து நிரப்புபவர்களுக்காக.

மூன்று மாதம் சேர்ந்ததும் பிரித்துப் பாருங்கள். நான்கு வகையாகப் பிரியும். சந்தா இருந்தும் திறக்காதவை. சந்தா இல்லை, ஆனால் சட்டப்படி இலவசமாக வேறிடத்தில் இருப்பவை. வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தரக்கூடியவை. உண்மையிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நான் பார்த்தவரை முதல் இரண்டு வகைதான் பெரிது. அதனால்தான் புதிய சந்தாவைப் பற்றி இந்த வழிகாட்டியில் கடைசியாகப் பேசுகிறேன்.

மூன்றாம் படி: வளாகத்துக்குள் இருக்கும் அடைப்பு

பதிப்பகத்தின் தளம் உங்களை எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் ஐபி முகவரி மூலம், அதாவது உங்கள் இணைய இணைப்புக்கு இருக்கும் எண் மூலம். உங்கள் நிறுவனம் சந்தா பதிவு செய்யும்போது சில ஐபி முகவரிகளைக் கொடுத்திருக்கும். அந்த முகவரியிலிருந்து வருபவருக்குக் கட்டுரை திறக்கும், மற்றவருக்குத் திறக்காது. ஆளைப் பார்ப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரு வளாகத்தில் ஒரே ஓர் இணைய இணைப்பு இருப்பதில்லை. நூலகத்தில் ஒரு நிறுவனத்தின் லீஸ்டு லைன் இருக்கும். இயற்பியல் துறை தன் திட்ட நிதியில் தனியாக பிராட்பேண்டு போட்டிருக்கும். விடுதிக்கு வேறொன்று. நூலகக் கணினியில் திறக்கும் கட்டுரை நூறு அடி தள்ளி இருக்கிற ஆய்வகத்தில் திறக்காததற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மதியப் பொழுது போதும். ஒரு செல்பேசியோடு ஒவ்வொரு துறைக்கும் போங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அந்தத் துறையின் வைஃபையில் சேர்ந்து, 'என் ஐபி முகவரி என்ன' என்று ஆங்கிலத்தில் கூகுளில் தேடும்போது வருகிற தளங்களில் ஒன்றைத் திறந்தால் எண் தெரியும். அதைத் துறைப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். இடம் மாறி மாறிப் போகையில் சில எண்கள் ஒன்றாக இருக்கும், சில மாறும். அப்புறம் அதே இடத்தில், சந்தா இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் ஆய்விதழின் சமீபத்திய கட்டுரையைத் திறந்து பாருங்கள். எல்லாருக்கும் இலவசமான கட்டுரையை எடுத்துச் சோதித்தால் எல்லா இடத்திலும் திறக்கும், ஒன்றும் தெரியாது.

கிடைத்த எண்களை, பதிவு செய்து கொடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி எழுத வேண்டும். ஆனால் நிலையான ஐபி முகவரியாக இருந்தால்தான் சேர்க்க முடியும். சாதாரண பிராட்பேண்டில் எண் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். அந்த இணைப்பை நிலையான முகவரிக்கு மாற்ற வேண்டும், அல்லது அந்தத் துறையையும் வளாக வலைப்பின்னலுக்குள் கொண்டுவர வேண்டும். இணைய நிறுவனத்தை மாற்றும்போதெல்லாம் கணினி மையத்திலிருந்து நூலகத்துக்குத் தகவல் வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையே போட்டுவிடுவது நல்லது. கேபிள் மாறின அன்றே எல்லா ஆய்விதழும் நின்றுபோய், வாரக்கணக்கில் காரணம் தெரியாமல் இருப்பது நடக்கிற விஷயம்தான்.

நான்காம் படி: வீட்டிலிருந்து, விடுதியிலிருந்து

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பல்கலை நகர் மதுரை நகரத்தை விட்டுத் தள்ளி, நாகமலை புதுக்கோட்டை தாண்டி இருக்கிறது. ஒரு கட்டுரைக்காக மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் பிடித்துப் போய்வர அரை நாள் போய்விடும். தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியிலிருந்து நுழையும் வழி இல்லாத நூலகம் இவர்களுக்கு இல்லாத நூலகம்தான்.

வழிகள் இருக்கின்றன. என்-லிஸ்ட் உறுப்பினர் கல்லூரி என்றால், கல்லூரியின் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் உருவாக்கிக் கொடுக்கலாம். அதை வைத்து எங்கிருந்தும் நுழையலாம். மற்ற நிறுவனங்களுக்கு இன்ஃப்லிப்நெட் நடத்தும் 'இன்ஃபெட்' என்ற அணுகல் கூட்டமைப்பு இருக்கிறது. நிறுவனம் அதில் சேர்ந்து, தன் ஆட்களின் கணக்குகளைப் பதிவு செய்துவிட்டால், பதிப்பகத் தளத்தில் நிறுவனத்தின் வழியாக உள்நுழையும் பொத்தானை அழுத்தி, பட்டியலில் இன்ஃபெட்டையோ உங்கள் நிறுவனத்தையோ தேர்ந்தெடுத்து, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் கட்டுரை திறக்கும். இஸட்ப்ராக்ஸி, ஓப்பன்ஏதன்ஸ் போன்ற கட்டண மென்பொருள்களும் உண்டு. சொந்தமாகப் பெரிய சந்தாக்கள் வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கு அவை பொருந்தும்.

தொழில்நுட்பம் எளிது. யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்பதில்தான் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள். நிரந்தர ஆசிரியர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். முழுநேர ஆய்வாளர்களுக்கு அடுத்து. கௌரவ விரிவுரையாளர்கள், பகுதிநேர ஆய்வாளர்கள், திட்ட உதவியாளர்கள் ஆகியோரின் பெயர் பட்டியலிலேயே இருக்காது. நம் அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் பெரும் பங்கை நடத்துகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பாடம் நடத்தவும் வேண்டும், நிரந்தரப் பணிக்கான போட்டியில் கட்டுரைகளும் காட்ட வேண்டும். ஆனால் படிக்க வழி கொடுக்க மாட்டோம் என்றால் அது அநியாயம். பதிப்பகத்தோடு செய்த உரிம ஒப்பந்தத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' யார் என்று ஒரு பத்தி இருக்கும். அதை வரிக்கு வரி படியுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியர் என்று மட்டும் இருந்தால், ஒப்பந்தத்தில் இருப்பவரும் அதில் அடங்குவாரா என்று எழுதிக் கேளுங்கள். கேட்காமலே இல்லை என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

கணக்குத் திறப்பதை வேலையில் சேரும் நாளோடும், ஆய்வுப் பதிவு நாளோடும் கட்டிவிடுங்கள். அடையாள அட்டை கொடுக்கும்போதே பயனர் பெயரும் கையில் போக வேண்டும். "வேண்டுமென்றால் வந்து விண்ணப்பிக்கலாம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், நூலகத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் மட்டும்தான் விண்ணப்பிப்பார்கள். இது வராதவர்களுக்காகச் செய்கிற வேலை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் தன் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பத்துப் பேர் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் இறக்கினால், பதிப்பகம் முழு நிறுவனத்தின் வழியையும் அடைத்துவிடும். ஒருவர் செய்ததற்கு எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: தேடுகிற இடத்திலேயே வழி தெரிய வேண்டும்

ஆசிரியர்கள் நூலக இணையப் பக்கத்தில் தேடத் தொடங்குவதில்லை. கூகுள் ஸ்காலரில்தான் தேடுகிறார்கள். அதை மாற்ற முயல வேண்டாம். ஸ்காலரின் அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' என்ற இடம் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் வந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வளாக வைஃபையில் இருக்கும்போது கூகுள் கணக்கில் உள்நுழைந்து ஸ்காலரைப் பயன்படுத்தினால், சில பதிப்பகங்கள் அந்த உரிமையைச் சில காலத்துக்கு வீட்டிலும் தொடர விடுகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஆய்வாளருக்கு இது பெரிய உதவி.

நூலகத்தின் சொந்தப் பக்கத்தை ஒரே திரைக்குள் அடக்குங்கள். தேடும் பெட்டி, வெளியிலிருந்து நுழையும் வழி, 'கட்டுரை திறக்கவில்லையா?' என்ற படிவம். இந்த மூன்றும் செல்பேசித் திரையிலேயே முதலில் தெரிய வேண்டும். திறப்பு விழாப் புகைப்படங்கள் கீழே போகட்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்துச் சொன்ன ஐந்து நூலக விதிகளில் நான்காவது. இன்றைக்கு அந்த விதி முதலில் பொருந்த வேண்டிய இடம் இந்தத் திரைதான்.

ஆறாம் படி: சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை

காசு கேட்கும் கட்டுரையே பல நேரம் இன்னோர் இடத்தில் திறந்து கிடக்கும். கட்டுரை ஆசிரியர் தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் போட்டிருப்பார். இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் என்ற தளத்தில், இதழில் வருவதற்கு முந்தைய முன்வடிவம் இருக்கும். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரலில். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். அன்பேவால் என்ற நீட்டிப்பைப் பிரவுசரில் போட்டுவிட்டால், கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பூட்டுச் சின்னம் வரும். பச்சையாக இருந்தால் அழுத்துங்கள், இலவசப் பிரதி திறக்கும். ஸ்காலரில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பையும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

இந்திய அறிவியல் கழகங்களின் ஆய்விதழ்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியின் தளத்தில் அதன் இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு. நாடு முழுவதிலுமிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அதில் உண்டு.

எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது, பெரிய பேராசிரியராயிற்றே என்று. நான்கு வரி போதும்: நான் யார், எதில் ஆய்வு செய்கிறேன், உங்களுடைய எந்தக் கட்டுரை, எதற்காக வேண்டும். புகழ்ச்சி வேண்டாம். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். தன் கட்டுரையை யாராவது படிக்கக் கேட்பது எந்த ஆய்வாளருக்கும் பிடிக்கும்.

கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தைப் பற்றிய கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020இல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவிட்டது. நூலகம் அந்தத் தளத்துக்கு வழி காட்ட முடியாது. வேறு வழி தெரியாமல்தான் அங்கே போகிறார்கள் என்பதையும் புரிந்துகொண்டு, மேலே சொன்ன வழிகளை அந்த வகுப்பிலேயே செய்து காட்டுங்கள்.

ஏழாம் படி: ஊருக்குள் ஒரு கைமாற்று ஏற்பாடு

மதுரையைச் சுற்றி இருக்கிற அளவுக்கு வகை வகையான நிறுவனங்கள் பல ஊர்களில் கிடையாது. பல்கலைக்கழகம், மருத்துவம், வேளாண்மை, திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி, கொஞ்சம் தள்ளி காந்திகிராமம், காரைக்குடி அழகப்பா. இந்த நூலகர்கள் ஒருவருக்கொருவர் ஒரு கட்டுரை கேட்டு வாங்கித் தர முடிந்தால், ஒரு பெரிய பகுதித் தேவை அங்கேயே முடியும். டெல்னெட் உறுப்பினர் என்றால் அதன் வழியாகவும் கேட்கலாம். 1988 முதல் நூலகங்களுக்கு இடையே இந்தப் பரிமாற்றத்தை அது நடத்திவருகிறது.

ஒழுங்கு மட்டும் வேண்டும். கேட்பதும் கொடுப்பதும் நூலகர் வழியாக, ஒருவருக்கு ஒரு கட்டுரை, அவருடைய சொந்த ஆய்வுக்கு என்று பதிவோடு. மொத்த இதழையும் அனுப்பக் கூடாது. கொடுக்கும் நூலகத்தின் உரிமத்தில் நூலகங்களுக்கு இடையேயான பரிமாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே பார்த்து, அனுமதி உள்ள பதிப்பகங்களின் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். 'நேரில் வரும் வாசகர்' என்ற பிரிவு இருந்தால், அடுத்த கல்லூரி ஆய்வாளர் உங்கள் நூலகக் கணினியில் உட்கார்ந்து படிக்கலாம். அதற்கு ஒரு மேசையும் ஒரு அறிமுகக் கடிதமும் போதும்.

எட்டாம் படி: தமிழ்த் துறையையும் வரலாற்றுத் துறையையும் விட்டுவிடாதீர்கள்

13,000 ஆய்விதழ் என்றதும் எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது என்று தோன்றும். தமிழ்த் துறை ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டியது 1930களின் ஒரு மாத இதழில் வந்த கட்டுரை. எந்தப் பன்னாட்டுப் பதிப்பகத்திடமும் அது இல்லை. நம் நூலகங்களின் அலமாரியில்தான் இருக்கிறது, அட்டை போட்டுக் கட்டி, பட்டியலில் ஒரே வரியாக: இதழின் பெயர், தொகுதி எண். உள்ளே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மதுரைக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கமும் அது நடத்திய 'செந்தமிழ்' இதழும் இந்த ஊரின் சொத்து. அதுபோலக் கல்லூரிகளில் முடங்கிக் கிடக்கும் ஆண்டு மலர்கள், கருத்தரங்கக் கோவைகள், ஆய்வுக் கோவைகள் எத்தனையோ.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தொகுதியின் உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்யுங்கள். அதைப் பார்த்துக் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண் நான்கையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, கோஹா என்ற நூலக மென்பொருளின் பட்டியலில் கட்டுரைவாரியாக ஏற்றுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் தேடலில் வராது. ஆசிரியர் பெயரில் கவனம் வேண்டும்: முன்னெழுத்து ஓர் இதழில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, புனைபெயரில் எழுதியிருப்பார். ஒரே வடிவத்தை முடிவு செய்துகொண்டு மற்றவற்றை அதற்கு இணையுங்கள். நூலக அறிவியல் மாணவர்களுக்குப் பயிற்சி வேலையாகவே இதைக் கொடுக்கலாம். முழுக் கட்டுரையையும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பதிப்புரிமை பார்க்க வேண்டும். நம் சட்டப்படி அது ஆசிரியர் காலமான பிறகு 60 ஆண்டுவரை இருக்கும். உள்ளடக்கப் பட்டியலுக்கு அந்தக் கவலை இல்லை.

வெளியே தேடத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பு இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பழைய இதழ்களைத் தேடுபவர் அங்கே எழுதிக் கேட்காமல் ஆய்வை முடிக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: சொல்லிக் கொடுப்பது

அரங்கத்தில் குத்துவிளக்கேற்றி, இருநூறு பேருக்கு ஒரே நாளில் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குவதில் பலன் குறைவு. துறைக்குப் போங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம், அவரவர் லேப்டாப், அவரவர் தலைப்பு. எழுந்து போகும்போது ஒவ்வொருவருக்கும் கணக்கு வேலை செய்ய வேண்டும், தன் ஆய்வுக்கான ஒரு கட்டுரை கையில் இருக்க வேண்டும்.

முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் 'ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறநெறி' என்ற 2 கிரெடிட் பாடத்தை யுஜிசி கட்டாயமாக்கியிருக்கிறது. தரவுத்தளங்களைப் பயன்படுத்துவது அதன் பாடங்களில் ஒன்று. அந்த மணி நேரங்களை நூலகர் நடத்தும்படி துறையிடம் கேட்டு வாங்குங்கள். போலி ஆய்விதழ்களைப் பற்றியும் அங்கேயே பேசலாம். 2025 பிப்ரவரியில் யுஜிசி, தான் ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியலான 'கேர்' பட்டியலைக் கைவிட்டுவிட்டது. இனி ஓர் இதழ் நல்லதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. ஆசிரியர் குழுவில் இருப்பவர் தன் சொந்தப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறாரா, இரண்டே நாளில் ஏற்றுக்கொள்கிறார்களா, கட்டணத்தை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்று உட்கார்ந்து சோதிக்கப் பழக்குங்கள்.

பத்தாம் படி: பணம்

இத்தனைக்கும் பிறகு பதிவேட்டில் மிஞ்சுவதற்குத்தான் புதிய சந்தா. பதிப்பகங்களிடம் 'கவுண்டர்' (COUNTER) என்ற பொது அளவு முறையிலான பயன்பாட்டு அறிக்கை கேளுங்கள். எந்த ஆய்விதழில் எத்தனை கட்டுரை இறக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். 60,000 ரூபாய்ச் சந்தாவில் 40 கட்டுரைதான் இறங்கியது என்றால் ஒரு கட்டுரைக்கு 1,500 ரூபாய். அந்தச் சந்தாவை நிறுத்தி, தேவைப்படும்போது தனிக் கட்டுரையாகவோ கைமாற்றாகவோ வாங்கலாமா என்று குழுவில் பேச ஓர் எண் கிடைத்துவிட்டது. ஆனால் எண் ஒன்றையே பார்த்து வெட்டிவிடாதீர்கள். நாட்டார் வழக்காற்றியல், கல்வெட்டியல் போன்ற துறைகளில் வாசகர் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு அந்த ஒரு இதழ்தான் இருக்கும்.

புதிதாகக் கையெழுத்திடும் எந்த ஒப்பந்தத்திலும், சந்தா நின்ற பிறகும் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் திறக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அச்சில் வாங்கிய இதழ் அலமாரியில் இருக்கும். மின் இதழுக்கு அந்த உறுதி தானாக வருவதில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா'வுக்கு இப்போது ஒதுக்கியிருக்கும் நிதி 2027 வரைக்கும்தான். அதற்குப் பிறகு என்ன வந்தாலும், நம் ஆய்வாளர்கள் எதைப் படித்தார்கள், எது கிடைக்காமல் நின்றார்கள் என்ற கணக்கு நம்மிடம் இருந்தால்தான் கேட்க முடியும். ஒவ்வொரு ஜனவரியும் முந்தைய ஆண்டின் பயன்பாட்டு அறிக்கைகளை இறக்கி, கிடைக்காத கட்டுரைகளின் நோட்டுச் சுருக்கத்தையும் சேர்த்து, நூலகக் குழுவின் முதல் கூட்டத்தில் வைத்து, கூட்டக் குறிப்பில் பதிய வையுங்கள்.